நாட்காட்டித் தாள் நின்ற இடம்

லூர்து தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நூறு மீற்றர் தள்ளி நட்டிருந்த இலக்குத் தாளைப் பார்த்தபடியே இருந்தார். நான் துப்பாக்கியைத் திறந்து மேசையில் வைத்துவிட்டு, காதில் மாட்டியிருந்த அடைப்பானைக் கழற்றினேன். இலைகள் மஞ்சளாகிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமைக் காலை. சுடுதளத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. ஈரப் புல்லின் மணத்தோடு எரிந்த வெடிமருந்தின் மணமும் சேர்ந்து நின்றது.

"என்னெண்டு சொல்லுங்கோவன்" என்றேன்.

"என்னத்தச் சொல்றது? மூணு ஓட்டை இருக்குது. ஒண்ணு மேல, ஒண்ணு எடது பக்கம். இன்னொண்ணு தாளோட ஓரத்துல. கோழி கெளறுன மாதிரி இருக்குதுப்பா."

நம்பாமல் நடந்து போய்ப் பார்த்தேன். கோழிதான் கிளறியிருந்தது.

சில வாரங்களுக்கு முன்னால் இதே மேசையில், இதே துப்பாக்கியால், நானே வீட்டில் அடைத்த இதே தோட்டாக்களைச் சுட்டிருந்தேன். அன்றைக்கு விழுந்த மூன்று ஓட்டைகளையும் ஓர் உளுந்து வடையின் நடுத் துளைக்குள் அடக்கியிருக்கலாம். அந்தத் தாளைக் கொண்டுவந்து குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்திருந்தேன். பிள்ளைகள் படம் கீறி ஒட்டுகிற இடம் அது. எனக்கு வெட்கமாக இருக்கவில்லை.

இப்போது வெட்கமாக இருந்தது. அதோடு பயமும். அடுத்த வார ஞாயிறு வேட்டை. பாரிஸுக்கு வடக்கே உவாஸ் மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் வேட்டைச் சங்கத்தில் நான் சேர்ந்த பிறகு, காட்டோர மேடை ஒன்றைத் தலைவர் எனக்கென்று ஒதுக்கியது அதுதான் முதல் தடவை. அந்த மேடையை விடப் பெரிய விஷயம் ஒன்று வீட்டில் இருந்தது. ஒரு மிருகத்தையாவது காயத்தோடு ஓடவிட்டால் அன்றைக்கே துப்பாக்கியைக் கொடுத்துவிடுவேன் என்று என் மனைவி சுகந்திக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

வயலின் வாத்தியார்

போன வாரம் இந்தப் பத்தியில் பேக்கரி அடுப்பைப் பற்றி எழுதும்போது, ஞாயிற்றுக்கிழமைகளில் வேட்டைக்குப் போவேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. மரக்கறிக் கடையில், முடிவெட்டும் கடையில், கோயில் வாசலில் எல்லாம் பிடித்துக்கொண்டார்கள். "அண்ணை, நீங்களோ? இலையான் அடிக்கவும் உங்களுக்கு மனம் வராதே!"

பாரிஸின் லா சப்பலில் துப்பாக்கி வைத்திருக்கிற தமிழனை யாரும் எதிர்பார்ப்பதில்லை. துப்பாக்கிக்குப் பயந்து ஓடிவந்தவர்கள் சேர்ந்த இடம் இது. நானும் அப்படி வந்தவன்தான். ஊரில் இருந்தவரைக்கும் ஒரு துப்பாக்கியையும் தொட்டதில்லை. தொட்டவர்களைத் தூரத்தில் கண்டாலே வேலிக்கு அந்தப் பக்கம் போய்விடுவேன்.

இங்கே வந்து மார்க்ஸ் டோர்முவாவில் ஒரு பேக்கரியில் கேக் பகுதியில் சேர்ந்தேன். அந்தக் கடைக்குத் தவறாமல் பாண் வாங்க வருகிறவர் லூர்து. புதுச்சேரிக்காரர், என் வயதுதான். வேலை தபால் கந்தோரில், வீடு ஸ்தேனில். அவருடைய அப்பா பிரெஞ்சு இராணுவத்தில் இருந்தவர் என்பதால், அவர்கள் வீட்டில் துப்பாக்கி என்பது குடை மாதிரி ஒரு சாமான். ஒரு பனிக்காலத்தில் காட்டுப் பன்றித் தொடை ஒன்றைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். சுகந்தி வறுத்த தூள் போட்டுப் பிரட்டல் வைத்தாள். சாப்பிட்டுக் கை கழுவும்போதே என் தலைவிதி மாறிவிட்டது.

படித்துப் பரீட்சை எழுதி, வேட்டைக்கான அனுமதி எடுத்தேன். துப்பாக்கியும் வந்தது. அத்தோடு ஒரு சங்கடமும் வந்தது. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. துப்பாக்கியை நீளப் பெட்டியில் வைத்துப் பூட்டி, படி இறங்கி, லூர்துவின் கார் நிற்கிற இடம்வரை தெருவில் நடக்க வேண்டும். கீழே பலசரக்குக் கடை வைத்திருப்பவர் ஒருநாள் கேட்டார்.

"என்ன அண்ணை, வயலினோ?"

விடிகாலை. விளக்கம் சொல்ல மனமில்லை. "ஓம்" என்றுவிட்டேன். அன்றிலிருந்து அந்தத் தெருவுக்கு நான் வயலின் வாத்தியார். பேத்தியின் நடன அரங்கேற்றத்துக்கு வாசிக்க வேண்டும் என்று கேட்டு அந்த மனிதர் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் சுளுக்கு என்று சொல்லித் தப்பினேன். அந்தச் சுளுக்கு இன்னும் மாறவில்லை.

சிவப்பி

நான் துப்பாக்கி வாங்கப் போகிறேன் என்று சொன்ன அன்று சுகந்தி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு மாட்டைப் பற்றிச் சொன்னாள்.

அவள் வன்னியில் இடம்பெயர்ந்து அலைந்தவள். அவர்களோடு சிவப்பி என்ற பசுவும் நடந்து வந்தது. ஒரு நாள் ஷெல் துண்டு அதன் வயிற்றில் பட்டது. அது உடனே சாகவில்லை. அதைச் சாகடிக்க யாருக்கும் கை வரவில்லை, விட்டுப் போகவும் மனம் வரவில்லை. பக்கத்தில் பதுங்குகுழிக்குள் இருந்தபடி அவர்கள் அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

போரைப் பற்றி அவள் என்னிடம் சொன்னது மிகக் குறைவு. மனிதர்களைப் பற்றி இன்னும் குறைவு. அந்த மாட்டைப் பற்றி மட்டும், அதுவும் அன்றைக்கு மட்டும்தான், முழுதாகச் சொன்னாள்.

"இறைச்சி தின்னுறனாங்கள்தானே, நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை" என்றாள். "ஆனா ஒண்டு. ஏதாவதொண்டைக் காயப்படுத்தி ஓடவிட்டிட்டு வந்தியளெண்டால், அண்டைக்கே உந்தச் சாமானைக் குடுத்துப்போட வேணும். பிறகு ஒரு கதையும் இருக்கக் கூடாது."

ஓம் என்றேன். மனதாரச் சொன்ன ஓம். அதற்குப் பிறகு அவள் அந்தத் துப்பாக்கியின் பக்கம் வந்ததில்லை. பெயர் சொன்னதும் இல்லை. எப்போதும் அது 'உந்தச் சாமான்'தான்.

ரயில் போன பிறகு

நான் வாங்கியது பழைய துப்பாக்கி. கடையில் வாங்கிய தோட்டாவைப் போட்டால் ஓட்டைகள் உள்ளங்கை அளவுக்குப் பரவும். லூர்துவுக்கு அதுவே தாராளம். "பன்னி என்ன பட்டாணி சைஸாப்பா? அவ்ளோ பெருசா நிக்குது, படாமலா போவும்?" என்பார். பட்டால் போதாது, பட வேண்டிய இடத்தில் பட வேண்டும் என்பது என் கவலை. அதனால்தான் தோட்டாவை நானே அடைக்கத் தொடங்கினேன்.

அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுட்ட பிறகு மிஞ்சுகிற பித்தளைக் கோதை எறியாமல் எடுத்துவந்து துப்புரவாக்க வேண்டும். அதை அச்சில் விட்டு அழுத்திப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். எல்லாக் கோதுகளின் கழுத்தையும் ஒரே நீளத்துக்குச் சீவ வேண்டும். அடியில் தீப்பொறி தரும் புதிய கேப் வைத்து, மருந்தை நிறுத்துப் போட்டு, மேலே, பாய்ந்துபோகிற சன்னத்தைப் பொருத்தினால் தோட்டா தயார். எந்த மருந்து, எவ்வளவு என்பதற்கு நூல்கள் இருக்கின்றன. அவற்றில் போட்டிருக்கும் எல்லையைத் தாண்டவே கூடாது.

சன்னம் வேகமாகப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டு மருந்தைக் கூட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு வேகத்தில் ஆசையில்லை. குறைந்த அளவில் தொடங்கி, துளித் துளியாக ஏற்றி, ஒவ்வோர் அளவுக்கும் மூன்று மூன்றாகச் சுட்டுப் பார்த்தேன். ஓர் அளவு வரும்போது ஓட்டைகள் தாமாகவே ஒன்றையொன்று நெருங்கும். அந்தக் குழலுக்குப் பிடித்த அளவு அது. அங்கேயே நின்றுவிட வேண்டும். சன்னத்தைக் கோதுக்குள் எவ்வளவு ஆழமாக இறக்குகிறோம் என்பதும் அப்படித்தான். மயிரிழை மாறினாலும் தாளில் தெரிந்துவிடும். எல்லாத் தோட்டாவும் ஒன்றுபோல இருக்க வேண்டும், இந்தக் கலையில் ரகசியம் என்று இருப்பது அவ்வளவுதான்.

கேக் வேலைக்காரனுக்கு இது பழகிய பாடம். பேக்கரியில் முட்டையைக்கூட நிறுத்துத்தான் போடுவோம். வீட்டிலோ சுகந்தி உப்பைக் கையால் அள்ளி, பார்க்காமலே சட்டிக்குள் போடுவாள். அவள் கறி ஒரு நாளும் பிழைத்ததில்லை. நான் தராசோடு உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு இதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

மூச்சைப் பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஜன்னலுக்கு நேரே இரண்டாம் இலக்க மெத்ரோ மேம்பாலத்தில் ஓடுகிறது. ரயில் வந்தால் அலுமாரிக்குள் தேநீர்க் கோப்பைகள் பேசும், என் தராசு முள்ளும் ஆடும். ரயில் போய், முள் அடங்கி, அடுத்த ரயில் வருவதற்குள் ஒரு தோட்டாவுக்கு மருந்து நிறுத்துவிட வேண்டும். பாரிஸில் எல்லோரும் மெத்ரோ வேலைநிறுத்தத்தைத் திட்டுவார்கள். எனக்கு அது பண்டிகை நாள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். தோட்டா எவ்வளவு நன்றாக இருந்தாலும், துப்பாக்கியின் முன்பக்கத்து மரம் குழலைத் தொடக் கூடாது. சுடும்போது குழல் அதிரும். அது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அதிர்ந்தால்தான் சன்னம் ஒரே இடத்துக்குப் போகும். மரம் எங்காவது முட்டினால் அதிர்வு மாறிவிடும், சன்னம் தன்பாட்டில் போகும். என்னுடையதில் மரத்தை உட்பக்கம் சுரண்டி, குழலுக்கும் மரத்துக்கும் நடுவே மெல்லிய இடுக்கு ஒன்று விட்டிருந்தேன். அந்த இடுக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு தாளைக் குழலின் அடியில் கொடுத்து முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் இழுப்பது வழக்கம். தாள் தடையில்லாமல் ஓடினால் எல்லாம் சரி.

நான் அதற்கு எடுத்தது சுவரில் தொங்கும் நாட்காட்டியின் தினத்தாள். லா சப்பல் கடைகளில் வருடப்பிறப்புக்குத் தருவார்களே, அதுதான். அளவான தடிப்பு. அதற்காக வாங்கிக்கட்டியதும் உண்டு.

"இண்டையத் தாளைக் கிழிச்சுப் போட்டியளே! நான் இன்னும் ராகுகாலம் பாக்கேல்லை!"

சுகந்தி அந்தத் தாளைப் பார்க்காமல் வெளியே கால் வைக்க மாட்டாள். அவளுக்கு வேலை ருவாசி விமான நிலையத்தில், பயணம் ரயிலில்.

"ரயில் ராகுகாலம் பாத்தோ வருது?" என்று கேட்பேன்.

"பாக்காததாலைதான் ஒவ்வொரு நாளும் பிந்துது" என்பாள்.

கடைத் தோட்டா

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும், அடைத்துவைத்த தோட்டாக்களில் சிலவற்றைப் பிரித்தேன். சன்னத்தைக் கழற்றி, மருந்தைக் கொட்டி, ரயிலுக்கும் ரயிலுக்கும் நடுவே மறுபடி நிறுத்தேன். எல்லாம் சொன்ன அளவில் இருந்தன. கழுத்து நீளம் அளந்தேன். சரி. துப்பாக்கியின் மேலுள்ள தொலைநோக்கியைப் பிடித்திருக்கும் திருகாணிகளை முறுக்கிப் பார்த்தேன். ஒன்றும் இளகியிருக்கவில்லை. மருந்து டப்பாவை மூக்கடியில் வைத்து மணந்து பார்த்தேன்.

"என்ன தேடுறியள்?" என்று சுகந்தி அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"உம்மடை பிட்டு ஆவி மருந்துக்குள்ளை இறங்கிப்போட்டுதோ எண்டு பாக்கிறன்."

"ஓமோம். எல்லாப் பிழையும் பிட்டிலைதான்" என்றாள். பிட்டு நன்றாக இருந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை. தாள் கோழி கிளறின மாதிரி வந்ததை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் ஞாயிறு போக வேண்டாம் என்பாள் என்று தெரியும்.

புதன்கிழமை எனக்கு ஓய்வு. லூர்துவும் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தார். வரும்போதே கையில் ஒரு தோட்டாப் பெட்டி.

"கடையில ஒரு புவாத் கார்த்தூஷ் வாங்கியாந்திருக்கேன். இத்தப் போட்டுச் சுடு. வூட்டுச் சமையல் வேணாம், ஓட்டல்லயே சாப்புடுன்னு எத்தினி தடவ சொல்றது ஒனக்கு?"

சுட்டேன். ஓட்டல் சாப்பாடு அதைவிட மோசமாக இருந்தது. முன்பெல்லாம் உள்ளங்கைக்குள் அடங்கிய அதே கடைத் தோட்டா, இப்போது இரண்டு கையையும் விரித்துவைத்தாலும் அடங்கவில்லை. லூர்து சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"அலோர், கார்த்தூஷ் மேல தப்பு இல்ல. ஃபுசியிலதான் ஏதோ இருக்குது" என்று துப்பாக்கியைத் தட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஞாயித்துக்கெழம வந்து மேடையில சும்மா ஒக்காந்துக்கப்பா. எதுவும் கண்ணுல படலன்னு சொல்லிடு. யாரு வந்து பாக்கப் போறா?"

அன்பாகத்தான் சொன்னார். ஆனால் என்ன பிழை என்று தெரியாத ஒரு துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு, பன்றி வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைக்க எனக்கே பரிதாபமாக இருந்தது. அன்றைக்கு மாலைக்குள் பிழை தெரியாவிட்டால், தலைவரைக் கூப்பிட்டு மேடையை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்வது என்று காரிலேயே முடிவு எடுத்தேன்.

இடுக்கு

வீட்டில் யாரும் இல்லை. மேசையில் பழைய துவாயை விரித்துத் துப்பாக்கியைக் கிடத்தினேன். சுகந்தி காலையிலேயே பார்த்துவிட்டுப் போன நாட்காட்டித் தாளைக் கிழித்தேன். கோடையில் பார்த்தபோது இடுக்கு சரியாகத்தான் இருந்தது. என்றாலும் மழைக்காலம் வந்தால் மரம் ஊதும்.

குழலின் அடியில் தாளைக் கொடுத்து இழுத்தேன். சுகமாக ஓடியது. பாதி வழியில் நின்றது.

மறுபடி இழுத்தேன். அதே இடத்தில் நின்றது. பின்பக்கமிருந்து விட்டுப் பார்த்தேன். அங்கேயும் போய் முட்டிக்கொண்டது. மரம் ஊதியிருந்தால் நீளத்துக்கு இறுகும். இது ஓரிடத்தில் மட்டும் நின்றது.

திருகாணி இரண்டையும் கழற்றி, குழலைத் தனியாகத் தூக்கினேன். மரத்தின் பள்ளத்துக்குள் ஒரு பக்கமாக ஏதோ இறுகிப்போய் ஒட்டியிருந்தது. குழலில் அது தொட்ட இடத்தில் மண்ணிறத்தில் துரு. நகத்தால் கிளப்பினேன். மஞ்சள் கட்டி ஒன்று உடைந்து வந்தது. உள்ளே சிவப்பு. அதற்குள் மூன்றாக மடிந்த ஒரு பூக்காம்பு, காய்ந்து ஈர்க்குப் போலாகியிருந்தது.

முகர்ந்து பார்த்தேன். சந்தனம்.

அப்போதுதான் சரஸ்வதி பூசை நினைவுக்கு வந்தது. வடைத் துளைக்குள் அடங்கிய அந்த நல்ல தாளுக்கும் இந்தக் கோழித் தாளுக்கும் நடுவில் வந்த பூசை. சுகந்தி தன் தையல் இயந்திரத்தையும், என் கேக் கத்திகளையும், மகளின் மடிக்கணினியையும் சாமிப்படத்துக்கு முன்னால் வரிசையாக வைத்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"உங்கடை உதையும் கொண்டுவந்து வையுங்கோ."

எனக்குக் காது பிழையாகக் கேட்கிறதோ என்று இருந்தது. பெட்டகத்தைத் திறந்து எடுத்து, சுடும் பகுதியைத் தனியாகக் கழற்றிவிட்டு, பாயில் வைத்தேன். அவள் வாழைப்பழத்துக்கு என்னைக் கீழே கடைக்கு அனுப்பினாள். திரும்பி வந்தபோது துப்பாக்கிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, மேலே செவ்வந்திப் பூக்களும் வைத்திருந்தாள். மகள் என்னைப் பார்த்து "பாப்பா, செ பிசார்!" என்று பிரெஞ்சில் சொல்லிச் சிரித்தாள். விசித்திரமோ இல்லையோ, எனக்குக் கண் கலங்கியது. இத்தனை வருடத்துக்குப் பிறகு அவள் அதைத் தொட்டிருக்கிறாள். அடுத்த நாள் பூவை எடுத்து, பொட்டைத் துடைத்து, எண்ணெய் பூசிப் பூட்டினேன். கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் துடைத்தேன்.

பூ வைக்கும்போது தவறி உள்ளே விழுந்திருக்கும் என்று நினைத்தேன். இதை அவளிடம் சொல்வதா என்று தயங்கினேன். அவள் அந்தத் துப்பாக்கிக்குச் செய்த முதல் நல்ல காரியம் அது. எல்லாவற்றையும் சுரண்டி எறிந்துவிட்டு மூடிவிடலாம், யாருக்கும் தெரியாது. யோசித்துக்கொண்டிருக்கும்போதே கதவில் திறப்புச் சத்தம் கேட்டது.

துடைக்க ஏலாத இடம்

"உதென்ன, ரெண்டாக் கழட்டி வைச்சிருக்கிறியள்?"

மேசையில் நாட்காட்டித் தாள் கிடந்தது. அதன்மேல் சந்தனக் கட்டியும் பூக்காம்பும். சுகந்தி கோட்டைக் கழற்றாமலே வந்து பார்த்தாள். பார்த்தபடியே கதிரையில் உட்கார்ந்தாள்.

"அதை ஏன் எடுத்தனீங்கள்?" என்றாள்.

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "தெரிஞ்சே வைச்சனீரோ?"

"ஓம். வெளியிலை வைக்கிற பொட்டை நீங்கள் அடுத்த நாளே துடைச்சுப் போடுவியள். உங்களுக்கு ஒரு தூசி இருக்கக் கூடாதே. அதுதான் துடைக்க ஏலாத இடமாப் பாத்து, கரண்டிக் காம்பாலை உள்ளை தள்ளி வைச்சனான்."

"ஏன் சுகந்தி?"

"ஏனோ? உதாலை ஒண்டும் துடிச்சுச் சாகக் கூடாது எண்டுதான். சிவப்பியை நினைச்சு, நேர்ந்து வைச்சனான்."

மேம்பாலத்தில் ஒரு ரயில் வந்தது, கோப்பைகள் பேசின, ரயில் போனது. நான் எழுந்துபோய்க் குளிர்சாதனப் பெட்டியின் கதவிலிருந்த தாளைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன். பைக்குள் மடித்து ஒளித்துவைத்திருந்த சனிக்கிழமைத் தாளையும் விரித்துப் பக்கத்தில் வைத்தேன். முந்தியது பூசைக்கு முன்னம், பிந்தியது பூசைக்குப் பிறகு என்று மட்டும் சொன்னேன்.

அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். தாளின் ஓரத்தில் இருந்த அந்த ஓட்டையில் விரலை வைத்தாள்.

"இது நான் வைச்சதாலையோ?"

மரம் ஈரத்துக்கு ஊதிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் எங்கள் இருவருக்கும் நடுவே இந்தத் துப்பாக்கி விஷயத்தில் இருந்தது ஒரே ஒரு வாக்கு. அதற்குள் பொய் ஒன்றைச் செருக எனக்கு மனம் வரவில்லை.

"ஓம்" என்றேன்.

"அப்ப ஞாயிறு நீங்கள் உதோடை போயிருந்தால்..." அவள் முடிக்கவில்லை. கண் நிறைந்துவிட்டது.

"போகேல்லைத்தானே. கடுதாசியைத்தானே சுட்டனான். கடுதாசி கத்தாது."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பழைய பல்துலக்கி ஒன்றை எடுத்துவந்தாள். அந்தப் பள்ளத்தை அவளே தேய்த்துச் சுத்தமாக்கினாள். நான் குழலின் துருவை எண்ணெய் போட்டு எடுத்தேன். அவ்வளவு நிம்மதியான ஒரு பின்னேரம் அந்த வீட்டில் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

"அப்ப இதுக்கு எங்கை வைச்சாலும் பிழையோ?" என்று கடைசியில் கேட்டாள்.

"இல்லை. இஞ்சை, தோளிலை வைக்கிற கட்டையிலை வையும். எவ்வளவு வேணுமெண்டாலும் வையும்."

துடிச்சதோ

சனிக்கிழமை சுடுதளத்தில் மூன்று ஓட்டைகளும் மறுபடி வடைத் துளைக்குள் வந்தன. லூர்து என்ன செய்தாய் என்று குடைந்தார். சொன்னேன். பலமாகச் சிரிக்கப் போகிறார் என்று பார்த்தால், கோட்டின் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். துணிக்கு நடுவே வைத்துத் தைத்த மாதா பதக்கம் ஒன்று.

"எங்க வூட்டுக்காரி. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கிட்டிருக்கா" என்றார்.

ஞாயிறு காலை மூட்டமாக இருந்தது. ஏணியில் ஏறி மேடையில் உட்கார்ந்தபோது விரல் விறைத்தது. ஓக் இலைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. நாய்கள் எங்கோ தூரத்தில் குரைத்தன. முதலில் ஒரு தாய்ப் பன்றி குட்டிகளோடு கடந்து போனது. நான் துப்பாக்கியைத் தூக்கவில்லை. வெகுநேரம் கழித்து, தனியன் பன்றி ஒன்று காட்டிலிருந்து வெளியே வந்து, சோளத் தட்டைகளுக்கு நடுவே பக்கவாட்டாக நின்று காற்றை முகர்ந்தது.

சுட்டேன். அது நின்ற இடத்திலேயே விழுந்தது. ஒரு காலைக்கூட அசைக்கவில்லை. நான் கொஞ்ச நேரம் எழும்பாமல் இருந்தேன். சந்தோஷம் என்று சொல்ல முடியாது, துக்கமும் இல்லை. நெஞ்சில் இருந்து ஒரு பாரம் இறங்கியது, அவ்வளவுதான்.

வேட்டை முடிந்ததும் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். சுகந்தி என்ன கிடைத்தது, எவ்வளவு பெரிது என்று ஒன்றும் கேட்கவில்லை.

"துடிச்சதோ?"

"இல்லை. நிண்ட இடத்திலையே முடிஞ்சுது."

"சரி. வரேக்கை கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு வாங்கோ" என்றாள்.

இந்த வருடமும் பூசை வந்தது. துப்பாக்கியைக் கொண்டுவந்து பாயில் வைத்தேன். தோளில் வைக்கிற கட்டையில் பெரிதாகச் சந்தனமும் அதன் நடுவில் குங்குமமும் வைத்தாள். கும்பிட்டு முடிந்ததும் எழுந்துபோய், சுவரிலிருந்த நாட்காட்டியின் அன்றையத் தாளைக் கிழித்தாள். ராகுகாலம் பார்க்கப் போகிறாள் என்று நினைத்து அவளுடைய கண்ணாடியை எடுத்து நீட்டினேன்.

அவள் அதை வாங்கவில்லை. குனிந்து, குழலின் அடியில் தாளைக் கொடுத்து, இரண்டு கையாலும் மெதுவாக இழுத்தாள். முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் அது தடையில்லாமல் ஓடியது.

"நேரம் பாக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"அது பிறகு" என்றாள். "முதல் இது ஓடுதோ எண்டு பாக்க வேணும்."